வடக்குச் சுவர் கொஞ்சம் குளிரும் என்றார்

2019 ஜனவரி 30ஆம் தேதி, விடியற்காலை மூன்று மணி இருக்கும். சமையலறைச் சுவருக்குள்ளிருந்து மழை பெய்வதுபோல் ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். வெளியே மழைக்கு வழியே இல்லை. மினியாபொலிஸில் அன்று பதிவான குளிர் மைனஸ் 33 டிகிரி செல்சியஸ். எங்கள் ஏரிக்கரையில் அதற்குச் சற்றும் குறைந்திருக்காது. என் கணவர் தம் அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்காக மதுரைக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. ஏழு வயது மகள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த இரவில் தொடங்கிய குளிர்காலம் முடிவதற்குள் எங்கள் கையிலிருந்து ஏறத்தாழ 9,000 டாலர் போயிற்று. அன்றைய மதிப்பில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல். பணத்தை ஒருவாறு சரிக்கட்டிவிட்டோம். எனக்கு யாருமில்லை என்ற எண்ணத்தோடு ஆறு வாரம் தனியாக அல்லாடியதுதான் இன்றும் நெஞ்சில் நிற்கிறது. அந்த ஆறு வாரமும் உதவி எதிர் வீட்டிலேயே இருந்தது. அதைக் கேட்டுப் பெறும் முறை எனக்குத் தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சிற்றூர்களுக்குக் குடிபோகும் நம்மவர்கள் இப்போது பெருகிவருவதால், எனக்கு நேர்ந்ததை நேர்ந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மினியாபொலிஸிலிருந்து வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், எட்டாம் எண் நெடுஞ்சாலையில் சிசாகோ சிட்டி, லிண்ட்ஸ்ட்ரோம், சென்டர் சிட்டி என்று மூன்று ஊர்கள் ஏரிகளுக்கு நடுவே அடுத்தடுத்து இருக்கின்றன. சற்றுத் தெற்கே தள்ளி ஸ்காண்டியா. எல்லாமே ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் குடியேறி வளர்த்த ஊர்கள். லிண்ட்ஸ்ட்ரோமில் பழைய தண்ணீர்த் தொட்டியையே காப்பிக் கெண்டி வடிவில் மாற்றி, ஸ்வீடிஷ் மொழியில் வரவேற்பு எழுதி வைத்திருக்கிறார்கள். சென்டர் சிட்டியில் சுமார் அறுநூறு பேர்தான். ஆனாலும் அதுதான் மாவட்டத் தலைநகர், நீதிமன்றமும் அங்கேதான். நான் பக்கத்து ஊர் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நகரத்து வாடகையும் தினசரிக் கார்ப் பயணமும் அலுத்துப்போய், 2018 செப்டம்பரில் சென்டர் சிட்டியில் நூறு வயது கடந்த ஒரு மர வீட்டை வாங்கினோம். அகலமான தாழ்வாரம், ஏரியைப் பார்த்த ஜன்னல்கள், பெரிய சமையலறை. திருப்பத்தூரில் என் தாத்தா வீட்டுத் திண்ணையை அந்தத் தாழ்வாரம் நினைவூட்டியது. நான் சொல்வது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், காரைக்குடிக்குப் பக்கம்.

அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை, எதிர் வீட்டுப் பெரியவர் எங்கள் வாசல்வரை வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பால் பண்ணை நடத்தி ஓய்ந்தவர். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. காரை நிறுத்தும் இடத்திலேயே நின்று, கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு, ஏரியைப் பற்றியும் வாத்துகளைப் பற்றியும் கால் மணி நேரம் பேசினார். கிளம்பும்போது, “உங்கள் வீட்டில் அந்த வடக்குச் சுவர் பக்கம் கொஞ்சம் குளிரும்” என்றார். இந்த ஊரில் எந்தச் சுவர்தான் குளிராது என்று நினைத்துச் சிரித்துத் தலையாட்டினேன். “வேண்டுமானால் ஒருநாள் வந்து பார்க்கிறேன்” என்றார். வயதானவரை எதற்கு அலைக்கழிப்பது என்று, “இல்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம்” என்றேன். “எனக்கொன்றும் சிரமமில்லை” என்றார். நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

நம் ஊரில் ‘வேண்டாம்’ என்பது பேச்சின் முடிவு அல்ல என்பது நமக்குத் தெரியும். சாப்பிடச் சொன்னால் முதலில் வேண்டாம் என்போம். அழைத்தவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார். மினசோட்டாவிலும் ஏறக்குறைய அதே வழக்கம் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு முறை மறுப்பது மரியாதை, மூன்றாம் முறை கேட்டால் ஒப்புக்கொள்ளலாம் என்பது இங்குள்ள பழைய மனிதர்களின் நடைமுறை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அந்த மூன்றாம் முறை ஒருவேளை வரும், ஒருவேளை வராது. மறுத்தவரை மேலும் வற்புறுத்துவது அவருடைய வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். நான் நம் வழக்கப்படி மறுத்தேன், அவர் அவர்கள் வழக்கப்படி விட்டுவிட்டார். எங்கள் இருவருடைய நல்ல பழக்கமும் சேர்ந்துதான் அந்தக் குழாய் உடைந்தது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ‘கொஞ்சம் குளிரும்’ என்று இங்கே ஒரு பெரியவர் சொன்னால் அது எச்சரிக்கை. நம் அளவுகோலில் அதற்குப் பொருள், ‘அம்மா, அந்தச் சுவருக்குள் ஓடும் குழாய் உறையும், இப்போதே ஏதாவது செய்’ என்பது. ‘மோசமில்லை’ என்றால் மிக நன்றாக இருக்கிறது என்று பொருள். நீங்கள் சமைத்துக் கொண்டுபோனதை ‘வித்தியாசமாக இருக்கிறது’ என்றால் பிடிக்கவில்லை என்று பொருள்.

மறுபடி அந்த இரவுக்கு வருகிறேன். சமையலறை விளக்கைப் போட்டபோது சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவின் இடுக்கிலிருந்து தண்ணீர் தாள்போல் மெல்லிதாக வழிந்து தரையில் பரவிக்கொண்டிருந்தது. தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு, வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறையான பேஸ்மென்ட்டில் இருக்கும் என்பது மட்டும் தெரியும். எங்கே என்று தெரியாது. கைபேசி வெளிச்சத்தில் தேடி, பழைய நிலக்கரி அறையின் மூலையில் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. துருவேறிய வட்டப் பிடி. இரண்டு கைகளாலும் முறுக்கினேன், அசையவில்லை. மேலே தரைப்பலகை வழியாகத் தண்ணீர் சொட்டி என் தலையில் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் மேலே ஓடிப்போய்ப் பூரிக்கட்டையை எடுத்துவந்து, பிடியின் ஆரங்களுக்கு இடையில் செருகி, முழு உடலையும் கொடுத்து நெம்பினேன். கிறீச்சென்று கால் சுற்று திரும்பியது, பிறகு அரைச் சுற்று. தண்ணீர் நின்றபோது மணி மூன்று முப்பத்தைந்து. நான் ஈரப் படியில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்குப் போன் செய்தேன், அங்கே பிற்பகல். “என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்றார். “ஒண்ணுமில்லம்மா, குளிரு” என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. இந்த நேரத்தில் ஒருவரை எழுப்பலாமா என்ற எண்ணமே இல்லை. அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே நினைவில் இல்லை.

இந்த இடத்தில், குளிர் நாட்டில் வீடு வாங்கும் எவருக்கும் சில செய்திகள். சாவியை வாங்கிய அன்றே தண்ணீரை நிறுத்தும் வால்வைத் தேடிப் பிடித்து, அது திரும்புகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை திருகிப் பழக்காவிட்டால் அது இறுகிவிடும். இறுகியிருந்தால் குழாய்ப் பணியாளரை அழைத்து மாற்றிவிடுங்கள். அவசரமில்லாத நாளில் அதற்கு ஆகும் செலவு சிறியது. கடுங்குளிர் வரும் என்று அறிவித்த இரவுகளில், வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்குகளின் கீழ்க் கதவுகளைத் திறந்து வையுங்கள். வீட்டு வெப்பம் குழாய்க்குப் போகும். குழாயைத் திறந்து பென்சில் முனை அளவுக்குத் தண்ணீர் ஓடவிடுங்கள். செலவை மிச்சம் பிடிக்க இரவில் ஹீட்டரைக் குறைக்காதீர்கள். நான் அந்த வாரம் குறைத்து வைத்திருந்தேன், நாலைந்து டாலருக்காக. குழாய் உறைந்துவிட்டாலும் உடையாதிருந்தால் முடி உலர்த்தியால் மெல்லச் சூடேற்றலாம்; தீயை அருகில் கொண்டுபோகவே கூடாது, மர வீடு பற்றிக்கொள்ளும்.

அடுத்த தவறு அன்று காலை ஒன்பது மணிக்கு. இணையத்தில் தேடி அழைத்த ஈரம் உலர்த்தும் நிறுவனத்தார் வந்தார்கள். பதினொரு பெரிய மின்விசிறிகள், இரண்டு ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள். கையில் ஒரு திரையைக் கொடுத்து, “இங்கே கையெழுத்துப் போட்டால் உடனே தொடங்குவோம், மற்றதை உங்கள் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்” என்றார்கள். தூக்கமில்லாத நிலையில் போட்டுவிட்டேன். விசிறி ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு ஓடும் என்பது அதில் இருந்தது; நான் படிக்கவில்லை. நான்கு நாளில் காய்ந்திருக்க வேண்டிய சுவருக்கு ஒன்பது நாள் விசிறி ஓடியது. கூடுதல் நாள்களுக்கான 1,900 டாலரைத் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லிவிட்டது. அது என் தலையில் விழுந்தது. குழாய் உடைந்ததால் சுவருக்கும் தரைக்கும் ஆன சேதத்தைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது, ஆனால் முதல் 2,500 டாலர் நாங்கள் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். உடைந்த குழாயைச் சரிசெய்த கூலி 640 டாலர் அதில் சேராது. ஆகவே எவர் திரையை நீட்டினாலும் முதலில் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்துப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். விசிறிக்கு நாள் வாடகை எவ்வளவு, ஈரத்தை அளந்து எழுதித் தருவார்களா, எந்த அளவு வந்தால் நிறுத்துவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தண்ணீரைத் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். நான் துடைத்த பிறகுதான் எடுத்தேன்.

பிப்ரவரி அதைவிட மோசம். மினியாபொலிஸ் பகுதியில் பதிவேடு தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு பனி கொட்டிய பிப்ரவரி கிடையாது, 39 அங்குலம். பனி கூரைமேல் ஏறியது. கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு சரியில்லாத பழைய வீடுகளில் உள்வெப்பம் மேலேறிப் பனியின் அடிப்பகுதியை உருக்கும். உருகிய தண்ணீர் இறவாரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணைபோல் நிற்கும். பின்னால் தேங்கும் தண்ணீர் ஓடுகளுக்கு அடியில் புகுந்து கூரையின் உட்பக்கம் வழியாக இறங்கும். எங்கள் மகளின் அறைக் கூரையில் பழுப்புக் கறையொன்று ஒவ்வொரு நாளும் பெரிதானது. நீராவியால் பனிக்கட்டியை அறுத்தெடுக்க 1,450 டாலர் கேட்டார்கள், கொடுத்தேன். அது காப்பீட்டில் வராது. உள்சேதம்தான் வரும், அதுவும் தனி விபத்தாகக் கணக்கிடப்பட்டு மறுபடி 2,500. இரண்டு விபத்து என்றால் இரண்டு முறை முதல் தொகை என்பதை ஒப்பந்தம் போடும்போதே புரிந்துகொள்ளுங்கள். தரையில் நின்றபடியே பனியை இழுத்துத் தள்ளும் நீளப் பிடி கொண்ட வாரி கடைகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு பனிக்குப் பிறகும் இறவாரத்திலிருந்து நாலடிவரை இழுத்துவிட்டாலே இந்தச் செலவு வந்திருக்காது. என் தெருவில் எல்லோர் வீட்டிலும் அந்த வாரி இருந்தது. எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

அந்த வாரங்களில் எனக்கு இந்த ஊர்மேல் கசப்பே வந்துவிட்டது. கை காட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், யாரும் வந்து என்னவென்று கேட்கவில்லை. வீட்டு வாசலில் உலர்த்தும் நிறுவனத்தின் வண்டி ஒன்பது நாள் நின்றதே, கண்ணில் படவில்லையா என்று பொருமினேன். மாமனாருக்குத் தொற்று வந்து கணவரின் திரும்பும் நாள் தள்ளிக்கொண்டே போனது. வேலையில் ஒன்பது நாள் விடுப்பு கரைந்துவிட்டது. சமையலறை இல்லாமல் மின்னடுப்பில் ரசமும் சோறுமாக மகளுக்குக் கொடுத்தேன். வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்கே போய்விடலாம் என்று கணவரிடம் இரண்டு முறை சொன்னேன்.

மார்ச் மாதத்தில், ஈஸ்டருக்கு முந்தைய கிறிஸ்தவ நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கியது. இங்குள்ள லுத்தரன் தேவாலயங்களில் அந்த ஆறு வாரமும் புதன்கிழமை மாலைகளில் பேஸ்மென்ட்டில் சூப்பும் ரொட்டியும் பரிமாறுவார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, “உன் வீட்டில்தான் சமையலறை இல்லையே, மகளைக் கூட்டிக்கொண்டு வா” என்றாள். நான் கோயிலுக்குப் போகிறவள், அங்கே எப்படி என்று தயங்கினேன். “சூப்புக்கு மதம் என்ன” என்றாள். போனேன். நீள மேசைகள், காகித விரிப்பு, பட்டாணி சூப் வாசனை. அடுப்படியில் ஒரு பாட்டி காப்பி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிண்ணத்தில் காப்பித்தூளைக் கொட்டி, அதில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, ஓட்டையும் நொறுக்கிப் போட்டு, களிமண்போலப் பிசைந்தார். அதை அப்படியே கொதிக்கும் பெரிய பாத்திரத்தில் போட்டார். மூன்று நிமிடம் பொங்கியது. அடுப்பை அணைத்து ஒரு குவளை குளிர்ந்த நீரை ஊற்றியதும் தூள் முழுவதும் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே தேன் நிறத்தில் தெளிந்த காப்பி. பில்டர் காப்பியில் வளர்ந்தவள் நான், முட்டை என்றதும் மனம் சுளித்தது உண்மை. ஆனால் கசப்பே இல்லாத, வயிற்றுக்கு இதமான காப்பி அது. இரண்டு குவளை குடித்தேன்.

பாட்டி என் ஊரைக் கேட்டார். தென்னிந்தியா என்றதும், சிறுமியாக இருந்தபோது ஞாயிறு பள்ளியில் ராஜமுந்திரி மிஷனுக்குக் காசு சேர்த்த உண்டியலைப் பற்றிச் சொன்னார். ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் அமெரிக்காவில் அமைத்த அகஸ்டானா என்ற லுத்தரன் சபை ஆந்திரப் பகுதியில் பணி செய்தது. ராஜமுந்திரி எனக்குத் தொலைவு, ஆனால் என் அம்மா பிறந்தது திருப்பத்தூரில் இன்றும் இருக்கும் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரியில் என்றேன். பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சுற்றியிருந்த மூன்று பேரைக் கூப்பிட்டு, “இவளுடைய அம்மா ஸ்வீடிஷ் ஆஸ்பத்திரியில் பிறந்தவளாம்” என்று சொன்னார். அதுவரை அந்தப் பெயரை நான் வெறும் பெயராகத்தான் கேட்டிருந்தேன். எங்கள் ஊரில் அதை மிஷன் ஆஸ்பத்திரி என்போம். சுவீடன் எங்கே இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை.

எதிர் வீட்டுப் பெரியவரும் அங்கே இருந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காப்பியை மெல்லச் சுற்றிக்கொண்டே, “வடக்குச் சுவர் எப்படித் தாங்கியது?” என்று கேட்டார். நான் அதுவரை அடக்கிவைத்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். பூரிக்கட்டை, விசிறிகள், மகளின் அறை, எல்லாவற்றையும். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்” என்றார். அந்த வீட்டில் முன்பு இருந்த குடும்பம் மூன்று தலைமுறையாக அந்தக் குழாயோடு போராடியதாம். நம் கிராமங்களில் கணக்கப்பிள்ளை வீடு என்று பழைய பெயர் மாறாமல் நிற்பதுபோல, எங்கள் வீட்டையும் ஊரில் இன்னும் அந்தக் குடும்பத்தின் பெயரால்தான் சொல்கிறார்கள். நாங்கள் கூலி கொடுத்து அமர்த்திய வீட்டுப் பரிசோதகரின் அறிக்கையில் வடக்குச் சுவரைப் பற்றி 31ஆம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. ஊரில் அறுபது வயது தாண்டிய எவரையும் கேட்டிருந்தால் கதையாகவே சொல்லியிருப்பார்கள். வண்டி நின்றதை ஏன் கேட்கவில்லை என்றும் துணிந்து கேட்டுவிட்டேன். “பார்த்தேன். நீங்களே ஏற்பாடு செய்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். குறுக்கே வர விரும்பவில்லை” என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். சிங்க்குக்குப் பின்னால் இருந்த புதுச் சுவரை அளவாக வெட்டித் திறந்து, குழாயை வெளிச்சுவரிலிருந்து உள்பக்கமாக நகர்த்தினார்கள். பின்னால் வெப்பத்தடுப்பு அடைத்தார்கள். குழாயின் மேல் சூடேற்றும் மின்கம்பியைச் சுற்றினார்கள். துருப்பிடித்த வால்வையும் மாற்றினார்கள். பொருள்களுக்கு ஆன 118 டாலரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள், இரசீதோடு. கூலி என்று பேச்சை எடுத்தபோது மூவர் முகமும் மாறியது. நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். இட்லியும் சாம்பாரும் செய்து கொடுத்தேன். ஒருவர் “வித்தியாசமாக இருக்கிறது” என்றார். மற்ற இருவர் “மோசமில்லை” என்றார்கள், இன்னொரு தட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகுதான் இந்த ஊர்களின் கதையைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். ஓஜிப்வே, டகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் நிலம் இது. 1837 ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசு அதை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. சிசாகோ என்ற பெயரே ஓஜிப்வே மொழியில் பெரிய அழகிய ஏரி என்பதிலிருந்து வந்தது. ஸ்காண்டியாவில் 1850இல் முதல் ஸ்வீடன்காரர்கள் வந்தார்கள். 1856இல் மரத்தால் கட்டிய சிறு தேவாலயம் அங்குள்ள கம்மெல்கார்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. ஸ்வீடனின் ஹெல்சிங்லாந்து பகுதியிலிருந்து வந்த டேனியல் லிண்ட்ஸ்ட்ரோம் 1853இல் குடியேறிய இடம்தான் அவர் பெயரால் ஊரானது. பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்வீடனின் தெற்கிலுள்ள ஸ்மோலாந்துக்காரர்கள். அது கல்லும் கரம்புமான நிலம், பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுக்கப் போதாது. 1867 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஸ்வீடனில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தபோது கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். இங்கே 1862 சட்டப்படி 160 ஏக்கர் நிலம் உழுது குடியிருப்பவருக்கே சொந்தம். 1850க்கும் 1930க்கும் இடையே பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சின்ன நாட்டைவிட்டு வெளியேறியிருக்கிறார்கள்.

லிண்ட்ஸ்ட்ரோம் கடைத்தெருவில் ஒரு சிலை இருக்கிறது. நாவலாசிரியர் வில்ஹெல்ம் மோபெர்க் படைத்த கார்ல் ஆஸ்கர், கிறிஸ்டினா என்ற குடியேறிய தம்பதியர். கணவன் முன்னால் பார்க்கிறான். மனைவி தலையைத் திருப்பி, விட்டுவந்த திசையைப் பார்க்கிறாள். வீடு வாங்கிய புதிதில் நூறு முறை அதைக் கடந்து போயிருப்பேன், ஏறிட்டுப் பார்த்ததில்லை. அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு ஒருநாள் காரை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவிடம் ‘ஒண்ணுமில்ல, குளிரு’ என்று சொன்ன அந்த இரவு நினைவுக்கு வந்தது. இன்னொரு செய்தியும் எனக்கு நெருக்கமானது. லிண்ட்ஸ்ட்ரோம் என்ற பெயரில் ‘o’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் வரவேண்டும். நெடுஞ்சாலைத் துறை பலகையை மாற்றியபோது அந்தப் புள்ளிகள் விடுபட்டன. ஊர்க்காரர்கள் விடவில்லை, 2015இல் ஆளுநர் மார்க் டேட்டன் ஆணை பிறப்பித்துப் புள்ளிகளைத் திரும்பக் கொடுத்தார். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதை இங்கே சொல்ல முயன்று தோற்று, மறுபடி முயன்ற ஒரே மனிதர்கள் அந்தத் தேவாலயத்துப் பாட்டிகள்தான்.

இங்கு வர இருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். உதவி வேண்டும் என்றால் நேராக, ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘கொஞ்சம் சிரமமாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொன்னால் அனுதாபம் கிடைக்கும். ‘சனிக்கிழமை காலை கூரைப் பனியை இழுக்க உங்கள் வாரியைத் தருவீர்களா’ என்று கேட்டால் வாரியோடு ஆளும் வருவார். யாராவது வந்து பார்க்கிறேன் என்று சொன்னால் முதல் முறையே சரி என்று சொல்லுங்கள். பதிலுக்குப் பணத்தை நீட்டாதீர்கள், உழைப்பைக் கொடுங்கள். ஊர்ப் பொது விருந்துகளில் சாப்பிட மட்டும் போனால் விருந்தாளியாகவே இருப்பீர்கள். ஒருமுறை பின்கட்டில் நின்று பாத்திரம் கழுவினால் உங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிடும். நான் அந்த நவம்பரில் லுட்ஃபிஸ்க் விருந்துக்குக் கழுவினேன். காய்ந்த காட் மீனைச் சாம்பல்நீர் போன்ற காரநீரில் ஊறவைத்து, நாள்கணக்கில் நல்ல நீரில் அலசி வேகவைப்பது அது, கூழ்போல் நடுங்கும். ஸ்வீடன்காரர்கள் வெள்ளைச் சாறும் மிளகுபோன்ற ஒரு மணப்பொருளும் சேர்ப்பார்கள், நார்வேக்காரர்கள் உருக்கிய வெண்ணெய். எனக்கு அந்த மீன் இறங்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. உருளைக்கிழங்கும் இறைச்சி உருண்டையும் தாராளமாக இருந்தன. ஊரில் சாவு விழுந்தால் அடக்கத்துக்குப் பிந்தைய சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுங்கள். இறந்தவரை நீங்கள் அறிந்திருக்க வேண்டியதில்லை.

சென்ற ஜனவரியில் சிசாகோ சிட்டியில் ஒரு பழைய வீட்டுக்கு விஜயவாடாவிலிருந்து வந்த இளம் தம்பதி குடிவந்தார்கள், கைக்குழந்தை வேறு. ஞாயிறு இரவு மைனஸ் 29 என்று அறிவித்திருந்தார்கள். மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போய், தண்ணீர் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டேன். அந்தப் பையன், “பரவாயில்லை அக்கா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றான். நான் இருந்து காட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். “உங்களுக்கு எதற்குச் சிரமம்” என்றாள் அந்தப் பெண். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பேஸ்மென்ட் படி எங்கே என்றேன். மூவரும் இறங்கி, கைபேசி வெளிச்சத்தில் தேடி, தண்ணீர்ச் சூடாக்கிக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். பையன் இரண்டு கைகளாலும் முறுக்கிப் பார்த்தான். அசையவில்லை. அங்கிருந்தே எங்கள் எதிர் வீட்டுப் பெரியவரைப் போனில் கூப்பிட்டேன். இருபது நிமிடத்தில் குறடோடு வந்தார்.